மணி மறைந்திருக்கும் கோபுரங்கள்

மாமல்லபுரம் போகிறோம் என்றதும் தெருவில் எல்லோரும் கடற்கரைக் கோவிலைப் பற்றியும் ஐந்து ரதங்களைப் பற்றியும்தான் சொன்னார்கள். நான் அவற்றில் எதையும் சரியாகப் பார்க்கவில்லை. அங்கிருந்த மூன்று நாளும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு பழைய மாதா கோவில்களைத் தேடிப் போனேன். ஏன் என்று கேட்டவர்களிடம், கான்வென்டில் படித்தவள், அந்தப் பழக்கம் விடவில்லை என்று சொல்லிவைத்தேன். அது பாதி உண்மை. மீதியை இப்போதுதான் எழுதுகிறேன்.

என் மகன் ஆதவனுக்கு இரண்டரை வயது. இன்னும் ஒரு சொல் பேசவில்லை. எங்களுக்குக் கரூர். வீட்டுக்குப் பின்சுவரை ஒட்டியே தறிக்கூடம். காலையில் ஆரம்பித்தால் இரவு வரை தடதடவென்று ஓடும். எங்கள் தெருவில் யாரும் மெதுவாகப் பேச மாட்டார்கள், பேசினால் கேட்காது. அந்தச் சத்தத்திலும் ஆதவன் அசையாமல் தூங்குவான். "தறிச் சத்தத்துல பொறந்த புள்ளை, இடி விழுந்தாலும் எந்திரிக்க மாட்டான்" என்பார் என் மாமியார். அதைப் பெருமையாகத்தான் சொல்வார். நானும் பெருமையாகத்தான் கேட்டுக்கொள்வேன்.

ஒருநாள் கோவிலில் பூஜை நேரத்தில் மின்சார முரசைப் போட்டார்கள். சுற்றியிருந்த குழந்தைகள் எல்லாம் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. ஆதவன் மட்டும் கற்பூரச் சுடரைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான். "சாமிப் பிள்ளை, பயமே இல்லை பாருங்க" என்று பக்கத்தில் நின்ற அம்மா சொன்னார். எனக்கு அப்போதுதான் முதல் முறையாகச் சந்தேகம் தட்டியது.

குழந்தை மருத்துவர் காதைச் சோதித்துவிடலாம் என்றார். தூங்கவைத்து, தலையில் வயர் ஒட்டிப் பார்க்கும் சோதனை. என் கணவர் பிரபு வேலை பார்க்கும் ஏற்றுமதி கம்பெனி மாமல்லபுரத்தில் ஒரு விடுதியில் மூன்று நாள் பயிற்சி வைத்திருந்தது, குடும்பத்தோடு வரலாம் என்றார்கள். தெரிந்தவர் ஒருவர் செங்கல்பட்டில் ஒரு காது மருத்துவரைச் சொல்ல, மூன்றாம் நாள் பிற்பகலுக்கு நேரம் வாங்கினோம். மாமியாரிடம் சுற்றுலா என்று மட்டும் சொன்னோம்.

சோதனை அறைக்குள் நுழைவதற்கு முன் எனக்கு நானே ஒரு பதில் தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது. வீட்டில் எத்தனையோ முறை முதுகுக்குப் பின்னால் கைதட்டியிருக்கிறேன், தட்டைத் தட்டியிருக்கிறேன். சில சமயம் திரும்புவான், சில சமயம் மாட்டான். நிழலைப் பார்த்தானா, தரை அதிர்ந்ததா, தெரியாது. கோவில் மணி என்றால் அடிக்கிற ஆள் கண்ணில் படுவார். மாதா கோவில் மணி அப்படியில்லை. அது கோபுரத்துக்குள் உயரத்தில் மறைந்திருக்கும். பார்க்க ஒன்றுமில்லாமல் சத்தம் மட்டும் வரும். பள்ளியில் மதிய மணி கேட்டதும் எங்கள் சிஸ்டர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொள்வார். காலை, மதியம், மாலை மணிக்குச் சொல்லும் மூவேளைச் செபம். நாங்கள் டிபன் பாக்ஸை நினைத்துக்கொண்டு கண்ணை மூடுவோம். அந்த மணி எனக்குத் தெரியும். அதற்குத் திரும்பாத தலை கிடையாது.

முதல் நாள் கோவளம் போவதென்று முடிவு செய்தேன். விடுதி வாசலில் நின்ற ஆட்டோக்காரர் பெயர் மூர்த்தி. கண்ணாடிக்கு மேலே அங்காளம்மனும் வேளாங்கண்ணி மாதாவும் ஒரே மாலையைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

"இன்னா மேடம், பைவ் ரதாஸ் போலாமா? புலிக்குகை?"

"கோவளம் மாதா கோவில் போகணுங்க. பன்னண்டு மணிக்குள்ள."

"மாதாவா? அதுக்கு இன்னாத்துக்கு டைமு? மாதா எங்கியும் ஓடிடாது."

கிழக்குக் கடற்கரைச் சாலையில் கார்கள் எங்களை ஊதித் தள்ளிக்கொண்டு போயின. எங்கள் ஊரில் ஆட்டோக்காரர் வேகமாகப் போனால் "பார்த்துப் போங்க" என்று சொல்லலாம். இங்கே நான் சொன்னது எனக்கே கேட்கவில்லை. ஒரு கையால் ஆதவனையும் ஒரு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு, இந்த ஊருக்கு வந்ததே தப்போ என்று நினைத்தேன். பாதி வழியில் பின்சக்கரம் பஞ்சர். மூர்த்தி இறங்கிச் சக்கரத்தை ஓர் உதை உதைத்தார்.

"பேஜாரு மேடம். நேத்துதான் ஒட்னேன்."

ஒரு சவுக்குத் தோப்பின் ஓரம் நின்றோம். இளநீர் வாங்கிக் கொடுத்தேன். ஆதவன் வழுக்கையை விரலால் தோண்டித் தின்றான். லாரிகள் பின்னால் அலறிக்கொண்டு போயின. அவன் வழுக்கையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. பசியில் இருக்கிறான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

கோவளம் போய்ச் சேர்ந்தபோது கோவில் அமைதியாகக் கிடந்தது. கடலைப் பார்த்து நிற்கும் வெள்ளைக் கோவில். உப்புக் காற்று தின்று தின்று சுவரின் ஓரங்கள் மழுங்கியிருந்தன. உள்ளே கால் வைத்தால் தரை சில்லென்றிருந்தது, அதன்மேல் யார் காலிலோ ஒட்டிவந்த மணல். பீடத்துக்குப் பக்கத்தில் மாதாவுக்குப் பட்டுப்புடவை உடுத்தி மல்லிகைச் சரம் போட்டிருந்தார்கள். நெற்றியில் குங்குமத்தோடு இரண்டு பெண்கள் மெழுகுவர்த்தி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். அதனால் பொட்டோடு உள்ளே வரலாமா என்று எனக்கிருந்த கவலை போயிற்று. ஒரு பெண் வாசலைப் பெருக்கிக்கொண்டிருந்தார்.

"மணி அடிச்சாச்சுங்களா?"

"இப்பதான் அடிச்சி ஓஞ்சிது. சாங்காலம் ஆறுக்கு அடிப்பாங்க. இருந்து கேட்டுகினு போயேன்."

ஆறு மணி வரை இருக்க முடியாது. ஓடியும் பிடிக்க முடியாமல் போன வண்டியைப் பார்ப்பது போலக் கோபுரத்தைப் பார்த்துவிட்டுப் பின்பக்கம் கடற்கரைக்குப் போனோம்.

அங்கே ஓர் அம்மா அடுப்பில் வஞ்சிரம் வறுத்துக்கொண்டிருந்தார். மசாலா நெடி மூக்கில் ஏறியது. எங்கள் ஊரில் ஆற்று மீன்தான் உசத்தி என்று வாதாடுவார்கள். அந்த வாதம் இனி என்னிடம் செல்லாது. நான் முள் எடுத்து ஊட்ட ஊட்ட ஆதவன் வாய் திறந்துகொண்டே இருந்தான். அந்த அம்மா அவன் கன்னத்தைக் கிள்ளினார்.

"உன் பேர் இன்னா நைனா? சொல்லு, இன்னொரு துண்டு தர்றேன்."

அவன் அவர் வாயையே பார்த்தான்.

"பேசமாட்டானா?"

"புது ஆளுன்னா வெட்கம்" என்றேன்.

"வெக்கமா? மீன் துன்றதுல ஒண்ணும் வெக்கத்த காணோமே" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். இலையை மடித்துக் கூடையில் போடத் திரும்பினேன். அவ்வளவுதான் நேரம்.

திரும்பிப் பார்த்தால் ஆதவன் இல்லை. ஈர மணலில் ஓடிக்கொண்டிருந்தான். அலை பின்வாங்கிய இடத்தில் நுரை மினுங்கியது, அதைப் பிடிக்கப் போகிறான். "ஆதவா" என்று கத்தினேன். தொண்டை கிழியக் கத்தினேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள் தலை நிமிர்ந்தார்கள். படகு ஓரம் படுத்திருந்த நாய் எழுந்தது. மீன் வறுத்த அம்மா கரண்டியோடு எழுந்து நின்றார். அவன் மட்டும் திரும்பவில்லை. எதிரே ஓர் அலை எழும்புவது தெரிந்தது. என் கால்கள் மணலில் புதைந்து புதைந்து வந்தன.

படகுக்குப் பின்னாலிருந்து ஒருவர் பாய்ந்து அவனை இடுப்போடு அள்ளினார். அலை அவர் முழங்காலில் அடித்து உடைந்தது. குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு அவனைப் பார்த்து விரலை ஆட்டினார்.

"அம்மா அவ்ளோ தூரம் கூவிகினு வருது. காது கேக்கல உனக்கு?"

எல்லாப் பெரியவர்களும் எல்லாக் குழந்தைகளிடமும் சொல்லும் வார்த்தைதான். நானே பள்ளியில் ஆசிரியையாக இருந்தபோது எத்தனை பிள்ளைகளிடம் சொல்லியிருப்பேன். ஆட்டோவில் ஏறிய பிறகுதான் அவருக்கு நன்றி சொல்லவில்லை என்பதே நினைவுக்கு வந்தது.

அன்று மாலை பிரபுவிடம் சொன்னேன். பயந்துபோனார். கொஞ்ச நேரம் குழந்தையை மடியிலிருந்து இறக்கவே இல்லை. பிறகு, "கடல் சத்தம் சுதா. அந்த இடத்துல எனக்கே கேட்காது" என்றார். அதுவும் சரிதான் போலிருந்தது. இவனுக்கு எப்போதும் ஒரு காரணம் கிடைத்துவிடுகிறது. தறி, வெட்கம், பசி, கடல். என் பயத்தை மடித்து வைக்க எல்லோரும் எனக்கு ஓர் உறை கொடுத்துக்கொண்டே இருந்தார்கள்.

தூங்கவைக்கும்போது ஆதவனுக்கு ஒரு பழக்கம். நான் தாலாட்டுப் பாடினால் உள்ளங்கையை என் கழுத்தில் வைத்துக்கொள்வான். பாட்டு நின்றால் கண் திறந்து பார்ப்பான். பாட்டு நின்றது தெரிகிறதே, அப்படியானால் கேட்கிறது. அந்த நம்பிக்கையைப் பிடித்துக்கொண்டுதான் நான் தூங்கினேன்.

இரண்டாம் நாள் சதுரங்கப்பட்டினம். மூர்த்தி முன்கூட்டியே வந்து நின்றார்.

"இன்னிக்கி டயரு புச்சு மேடம். அமெரிக்கா வரைக்கும் போலாம்."

டச்சுக்காரர்கள் கட்டிய கோட்டை அது. கடலோரம் இடிந்த செங்கல் மதில்களாக நிற்கிறது. உள்ளே பூட்டிய ஒரு சின்னக் கல்லறைத் தோட்டம் உண்டு. காவலர் திறந்துவிட்டார். கரும்பலகை போன்ற கற்களில் கப்பல்கள், சிங்கங்கள், மண்டையோடுகள் செதுக்கியிருந்தார்கள். அவ்வளவு நுணுக்கமான வேலை. மழையும் கடலும் எழுத்தைத் தொடவில்லை. வயதான ஒரு வெள்ளைக்காரத் தம்பதி குனிந்து படித்துக்கொண்டிருந்தார்கள். கணவர் ஒவ்வொரு வரியாகப் படித்து மனைவிக்கு ஆங்கிலத்தில் சொன்னார்: "தாயும் பிள்ளையும் ஒரே கல்லுக்குக் கீழே." அந்த அம்மா, "எவ்வளவு தூரம் கடந்து வந்திருப்பாள், பாவம்" என்றார். நான் ஆதவனை அந்தக் கல்லின் மேல் நிற்கவிடாமல் சட்டென்று தூக்கிக்கொண்டேன். அதைப் பார்த்து அவர்கள் தலையசைத்துச் சிரித்தார்கள். மரியாதை என்று நினைத்திருப்பார்கள். எனக்குப் பயம்.

அங்கிருந்து கொஞ்ச தூரத்தில் ஒரு மீனவக் குப்பத்தில் பழைய சின்ன மாதா கோவில் இருப்பதாக மூர்த்தி சொல்லியிருந்தார். அவருடைய மச்சான் வீடு அந்தப் பக்கம். குப்பத்தில் முக்கால்வாசி வீடுகளில் மாரியம்மன் படம்தான். ஆனாலும் படகு இறக்கும் அன்று மாதாவுக்கும் ஒரு மெழுகுவர்த்தி உண்டாம். "கடல்ல போறவனுக்கு எல்லா சாமியும் வோணும் மேடம்" என்றார்.

சுண்ணாம்புச் சுவர், ஓட்டுக்கூரை, முன்னால் ஒல்லியான ஒரு கோபுரம். சன்னல் கம்பியில் மஞ்சள் கயிறுகளும் குட்டித் தொட்டில்களும் கட்டியிருந்தன. கூடவே சின்னச் சின்ன வெண்கல மணிகள். பேச்சு வராத பிள்ளைகளுக்கு மணி கட்டுவது எங்கள் பக்கத்துக் கோவில்களிலும் உண்டு. ஒவ்வொரு மணியும் பேசாத பிள்ளை இருக்கும் ஒரு வீடு என்று தோன்றியது. எண்ணத் துணிவில்லை.

வெயில் கொளுத்தியது. கோபுரச் சுவரின் நிழலில் சாய்ந்து, ஆதவனை இடுப்பில் வைத்துக்கொண்டு காத்திருந்தேன். அவன் என் தாலிக்கொடியை முறுக்கி விளையாடிக்கொண்டிருந்தான். முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல் தலைக்கு மேலே மணி விழுந்தது. அப்படித்தான் சொல்ல வேண்டும். நான் துள்ளிவிட்டேன். ஆதவனும் துள்ளினான். கண்ணை அகல விரித்து என் முகத்தைப் பார்த்தான். அடுத்த அடிக்கும் உடம்பு குலுங்கியது. அதற்கடுத்த அடிக்குச் சிரித்தான்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. மூர்த்தி ஓடிவந்தார்.

"இன்னா ஆச்சு மேடம்? கொயந்தைக்கு ஏதாவது...?"

"ஒண்ணுமில்லைங்க. மணிச் சத்தம் அவனுக்குக் கேட்டுருச்சு."

அவருக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் மச்சான் வீட்டிலிருந்து தண்ணீர் வாங்கிவந்து கொடுத்தார். மச்சானின் மனைவி எங்களை விடாமல் உட்காரவைத்து நெத்திலிக் குழம்பும் சோறும் போட்டார். நான் இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டேன். பல மாதங்களுக்குப் பிறகு பசி என்றால் என்ன என்று தெரிந்தது.

பிரபுவுக்குப் போன் செய்தேன். பயிற்சிக்கு நடுவே வெளியே வந்து பேசினார். "நான் சொன்னேன்ல. சரி, அப்புறம் எதுக்கு நாளைக்கு மருந்து குடுத்துத் தூங்கவெச்சு, சின்னப் புள்ளைய... வேண்டாம்னு சொல்லிரலாமா?" என்றார். எனக்கும் அதுவே சரியென்று பட்டது. மாலையில் சொல்லிவிடலாம் என்றேன். மாலை வரை நான் உலகத்திலேயே சந்தோஷமானவளாக இருந்தேன். அன்று கடற்கரைக் கோவிலைக்கூட வெளியிலிருந்து கொஞ்சம் பார்த்தேன்.

விடுதியின் உணவுக்கூடத்தில் பிரபுவின் அலுவலகக் குடும்பங்கள் எல்லாம் கூடியிருந்தன. ஆதவனை உயர நாற்காலியில் உட்காரவைத்து மாதுளை முத்துகளை முன்னால் போட்டிருந்தேன். அவனுக்குப் பின்னால் பரிமாறுகிறவர் கை தவறித் தட்டு அடுக்கு முழுவதையும் கீழே போட்டார். பேச்செல்லாம் நின்றது. கைக்குழந்தை ஒன்று வீறிட்டது. எல்லோரும் திரும்பினார்கள்.

ஆதவன் ஒரு முத்தை எடுத்து வாயில் போட்டான். இன்னொன்றை எடுத்தான். பிறகு நிமிர்ந்து எங்கள் முகங்களைப் பார்த்தான். நாங்கள் பார்த்த பக்கம் அவனும் திரும்பிப் பார்த்தான்.

"சாப்பாட்டுல அவ்ளோ கவனம்" என்றார் பிரபு. யாரோ சிரித்தார்கள்.

நான் ஆதவனைத் தூக்கிக்கொண்டு அறைக்குப் போய்க் கதவைச் சாத்தினேன். மதியம் நடந்ததை மறுபடி நினைத்துப் பார்த்தேன். சுவரில் சாய்ந்திருந்தேன். மணி அடித்தபோது சுவர் என் முதுகில் அதிர்ந்தது. நான் துள்ளினேன். அவன் என் இடுப்பில் இருந்தான். யார் முதலில் துள்ளியது?

அவனை அதேபோல் இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவன் தாலிக்கொடியை முறுக்க ஆரம்பிக்கும் வரை காத்திருந்தேன். பிறகு எந்தச் சத்தமும் இல்லாமல், வாயை இறுக மூடிக்கொண்டு, உடம்பை மட்டும் ஒருமுறை தூக்கிப்போட்டேன்.

ஆதவன் துள்ளினான். கண்ணை அகல விரித்து என் முகத்தைப் பார்த்தான். மறுபடி செய்தேன். குலுங்கினான். மூன்றாவது முறை சிரித்தான். மதியம் சிரித்த அதே சிரிப்பு.

பிரபு வந்தபோது நான் தரையில் உட்கார்ந்திருந்தேன். "டெஸ்டை வேண்டாம்னு சொல்லிட்டியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். ஏன் என்றார். சொன்னேன். அவர் நம்பவில்லை. குழந்தையை வாங்கி அவரும் ஒருமுறை செய்து பார்த்தார். பிறகு அவனைக் கட்டிலில் மெதுவாக விட்டுவிட்டு, குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டார். அது நெடுநேரம் ஓடிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் காலை, கடைசி வகுப்பை முடித்துவிட்டு நேராக மருத்துவமனைக்கு வந்துவிடுவதாகப் பிரபு சொன்னார். சோதனைக்குக் குழந்தை அசந்து தூங்க வேண்டும், அதனால் அதுவரை விழித்திருக்க வையுங்கள் என்று சொல்லியிருந்தார்கள். அதிகாலையிலேயே எழுப்பிவிட்டோம். திருக்கழுக்குன்றம் வழியாகச் செங்கல்பட்டு. வழியெல்லாம் அவன் கண் சொருகும்போது நான் முகத்தில் ஊதினேன். தூங்க விடாமல் ஒரு குழந்தையைப் பாடாய்ப் படுத்துவது என் கைக்கு வராத வேலை. ஒவ்வொரு முறை அவன் சிணுங்கும்போதும் நான் செய்வது சரியா என்று சந்தேகம் வந்தது.

"இன்னிக்கும் மாதா கோவிலா மேடம்?" என்றார் மூர்த்தி.

"ஆமாங்க. செங்கல்பட்டுல பழசா ஒண்ணு இருக்காமே. அங்க போயிட்டு ஆஸ்பத்திரி."

"தப்பா நெனச்சிக்காத மேடம். மூணு நாளா கேக்கணும்னு கீது. இன்னா வேண்டுதலு?"

அவரிடம் சொல்லிவிட்டேன். இதுவரை சொந்தத்தில் யாரிடமும் சொல்லாததை, முதுகை மட்டும் பார்த்துக்கொண்டிருந்த ஒருவரிடம் சொல்வது எளிதாக இருந்தது. அவர் வண்டியின் வேகத்தைக் குறைத்தார்.

"மூணு நாளா நான் அடிக்காத ஆரன் இல்ல. எந்தக் கொயந்தையா இருந்தாலும் அளும், இல்ல எட்டிப் பாக்கும். இவன் ஒரு தபா கூட திரும்பல. நல்ல புள்ள, ரௌசு பண்ணாம வருதுன்னு வூட்ல கூட சொல்லிகினு இருந்தேன்." கொஞ்ச தூரம் போய், "மன்னிச்சுக்க மேடம்" என்றார். அவர் எதற்கு மன்னிப்புக் கேட்டார் என்று எனக்குத் தெரியவில்லை. அதன் பிறகு செங்கல்பட்டு வரும்வரை அவர் ஹாரன் அடிக்கவே இல்லை.

செங்கல்பட்டில் ரயில் சத்தமும் பேருந்துச் சத்தமும் மதிலுக்கு வெளியே நின்றுகொள்ள, கோவில் வளாகம் தனியாக இருந்தது. தடித்த தூண்கள், வண்ணக் கண்ணாடி பதித்த உயரமான சன்னல்கள். பெஞ்சுகளில் கை பட்டுப் பட்டு மரம் கறுத்திருந்தது. கண்ணாடி வழியாக விழுந்த சிவப்பு வெளிச்சத்தைத் தரையிலிருந்து எடுக்கப் பார்த்தான் ஆதவன். அந்தப் பொழுதில் அவனைப் போல அழகான பிள்ளை எங்கும் இருக்க முடியாது என்று தோன்றியது.

மதிய மணி நேரம் நெருங்கியதும் வெளியே வந்தோம். இந்த முறை எந்தச் சுவரிலும் சாயவில்லை. மணல் பரப்பிய முற்றத்தில், வேப்பமர நிழலின் ஓரத்தில் அவனைத் தனியாக உட்காரவைத்து பிஸ்கட் கொடுத்தேன். பின்னால் தள்ளிப்போய், என் நிழல்கூட அவன் மேல் விழாத இடத்தில் நின்றேன். மூர்த்தியும் வண்டியை விட்டு இறங்கி வந்து, கொஞ்சம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். கோபுரத்து வாசலில் வேட்டி கட்டிய ஒருவர் கயிற்றைக் கையில் எடுப்பது தெரிந்தது. ஓடிப்போய், இன்று வேண்டாம், அடிக்காதீர்கள் என்று சொல்லலாமா என்று நினைத்தேன். உண்மையாகவே நினைத்தேன்.

மணி அடித்தது.

கோபுரத்திலிருந்து புறாக்கள் ஒரே கொத்தாகக் கிளம்பின. வாசலில் பூ விற்ற பெண் நிமிர்ந்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். ஆதவன் பிஸ்கட்டின் ஓரத்தைக் கடித்தான். மறுபடி அடித்தது. மறுபடி. என் பற்களுக்குள் அந்தச் சத்தம் கேட்டது. மண்ணில் புறாக்களின் நிழல் அவனைக் கடந்து ஓடியது. அவன் சட்டென்று மேலே பார்த்தான், கையை உயர்த்திப் புறாக்களைக் காட்டினான். மூர்த்தி என் பக்கம் திரும்பினார். நான் இல்லை என்று தலையசைத்தேன். அவனை நிமிர வைத்தது நிழல், அது எனக்குத் தெரியும்.

மணி ஓய்ந்த பிறகு ஆதவன் எழுந்து கோபுரத்து வாசலுக்கு நடந்தான். தொங்கிய கயிறு இன்னும் மெல்ல ஆடிக்கொண்டிருந்தது. அதைப் பிடித்தான். உள்ளங்கையில் ஏதோ ஓர் அதிர்வு வந்து சேர்ந்திருக்க வேண்டும், சிரித்தான். மணி அடித்தவர் குனிந்து, "உனக்கும் அடிக்கணுமா? கொஞ்சம் வளந்துட்டு வா ராசா, வேலையை உன்கிட்ட குடுத்துட்டு நான் போறேன்" என்றார். ஆதவன் கயிற்றைக் கன்னத்தில் வைத்துக்கொண்டான்.

பாட்டு நின்றால் கண் திறப்பானே, அது எப்படி என்று எனக்கு அந்த இடத்தில் விளங்கிவிட்டது.

மருத்துவமனையில் பிரபு எங்களுக்கு முன்பே வந்து, கையில் ஒரு பொம்மைக் காரோடு உட்கார்ந்திருந்தார். மருந்து குடித்ததும் ஆதவன் என் தோளில் அசந்துவிட்டான். நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் வயர் ஒட்டினார்கள். அறையை இருட்டாக்கினார்கள். நான் அவன் பாதத்தைப் பிடித்துக்கொண்டிருந்தேன். மூர்த்தி போகவில்லை. சாப்பிட்டுவிட்டு வருகிறேன் என்றவர், எங்களுக்கும் தயிர்சாதப் பொட்டலம் வாங்கிக்கொண்டு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

மருத்துவர் என்னைவிடக் கொஞ்சம் மூத்தவர். சுற்றி வளைக்கவில்லை. இரண்டு காதிலும் கேட்கும் திறன் மிக மிகக் குறைவு என்றார். பிறவியிலிருந்தே இருக்கலாம். முதலில் கருவி வைத்துப் பார்ப்போம், தேவைப்பட்டால் அறுவை சிகிச்சை இருக்கிறது, பேச்சுப் பயிற்சி வேண்டும், இப்போதாவது வந்தீர்களே, நல்லது என்றார். "இப்போதாவது" என்ற சொல் என்னோடு கரூர் வரைக்கும் வரும் என்று எனக்குத் தெரிந்தது. பிரபு பொம்மைக் காரின் சக்கரத்தை உருட்டிக்கொண்டே, "எங்கம்மாகிட்ட என்ன சொல்றது" என்றார். என் பயம் போகவில்லை. அதற்கு இப்போது ஒரு பெயர் இருந்தது, அவ்வளவுதான்.

ஆதவன் என் மடியில் விழித்தான். மருந்து மயக்கத்தில் முகத்தைச் சுளித்தான், அழப்போனான். பிறகு வழக்கம்போல் கையை நீட்டி என் கழுத்தில் உள்ளங்கையை வைத்தான்.

இரண்டரை வருடமாக அது செல்லம் என்று நினைத்திருந்தேன். அவன் காத்துக்கொண்டிருக்கிறான் என்று இப்போதுதான் தெரிந்தது. என்ன சொல்வதென்று யோசித்தேன். அவன் என் தொண்டையை இன்னும் கொஞ்சம் அழுத்தினான். அவனுடைய பெயரைச் சொன்னேன். அவன் என் வாயைப் பார்த்தான். கை எடுக்கவில்லை. மறுபடி, இன்னும் கொஞ்சம் ஆழத்திலிருந்து சொன்னேன்.

"ஆதவன்."